படைகளைத் திரும்ப அழைக்கச் சொல்வது தேசத் துரோகமா?



வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு யாரும் சட்டென்று பதறுவதில்லை. செய்த சரக்கைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கிற சத்தம் எது, ஆலையில் மருந்து பற்றிக்கொண்ட சத்தம் எது என்று எங்கள் பகுதித் தாய்மாருக்கு நன்றாகவே தெரியும். முதல் சத்தத்துக்கு அவர்கள் கையிலிருக்கும் வேலையைக்கூட நிறுத்த மாட்டார்கள். இரண்டாவது சத்தம் கேட்டால் தெருவே எழுந்து ஓடும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடித்த அன்று அப்படித்தான் ஓடினோம்.

ஆனால் எந்தச் சத்தம் கேட்டாலும் பதறுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அருகிலுள்ள கண்டியாபுரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வரும் ஒரு தாய், வெளியே சரவெடி கேட்டால் இன்றும் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கிய பிறகுதான் மீண்டும் பேசுவார். அதே கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற ராணுவ வீரர் ஒருவரும் வருகிறார். அவர் 1988-இல் இந்திய அமைதி காக்கும் படையில் ஈழத்துக்குப் போனவர். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து செபமாலை சொல்கிறார்கள். அந்த நாட்களைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதில்லை.

சில வாரங்களுக்கு முன், போர் நடக்கும் நாடுகளுக்காக மன்றாடி முடித்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "நம்ம ராணுவம் வெளிநாட்டுல சண்டை போட்டுக்கிட்டு இருக்கறப்போ, திரும்பி வரச் சொல்லி உள்ளூர்ல போராடுறது தேசத் துரோகம் இல்லையா?" அந்தத் தம்பிக்குத் தெரியாது, தமது கேள்விக்கு நேரடிச் சாட்சிகள் இருவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்று. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட நாம் அமெரிக்காவுக்கோ ஈராக்குக்கோ போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மக்களே இப்படி ஒரு கோரிக்கையை எழுப்பியவர்கள்தான்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே நம் படைகள் யாழ்ப்பாணத்தில் இறங்கின. பெயர், அமைதி காக்கும் படை. ஐ.நா. சபை அனுப்பிய படை அல்ல அது. இரண்டு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழ்ப் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பார்கள், இலங்கை ராணுவம் முகாம்களுக்குள் முடங்கும், வடக்கு கிழக்கு இணைந்து ஒரு மாகாணமாகும் என்பது திட்டம். யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் நம் வீரர்களை மாலையிட்டு வரவேற்றார்கள். இங்கே ஆகஸ்ட் 2 அன்று மெரினா கடற்கரையில் ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் நின்றார்கள். அன்று யாரும் படையைத் திரும்ப அழைக்கச் சொல்லியிருந்தால் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்போம்.

இரண்டரை மாதம் கூடத் தாங்கவில்லை. திலீபன் நல்லூரில் உண்ணாநோன்பிருந்து செப்டம்பர் 26 அன்று இறந்தார். அக்டோபர் 5 அன்று, கடலில் பிடிபட்ட விடுதலைப் புலிகளில் 12 பேர், கொழும்புக்குக் கொண்டு செல்லப்படவிருந்த நேரத்தில் பலாலியில் சயனைடு அருந்தி மாண்டார்கள். அக்டோபர் 10 அன்று போர் தொடங்கியது. அமைதி காக்கப் போன படை, யாருக்குப் பாதுகாப்பாகப் போனதோ அவர்கள் நடுவிலேயே போரிட்டது. அக்டோபர் 21 தீபாவளி. அன்று யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நம் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் ஊழியர்களுமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலை கைகளை உயர்த்தியபடி வந்த ஒரு குழந்தை மருத்துவரும் சுடப்பட்டார். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்று ராணுவத் தரப்பு சொன்னது. அப்படியே இருந்தாலும் கட்டிலில் கிடந்தவர்கள் என்ன செய்வார்கள்?

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீரர்கள் அரக்கர்கள் அல்லர். எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாமல், எதிரி யார் என்று புரியாமல், கண்ணிவெடிகளுக்கு நடுவே அனுப்பப்பட்ட 20 வயது, 25 வயதுப் பிள்ளைகள். அவர்களில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். நம் கரிசல் கிராமங்களில் மழையும் இல்லை, வேலையும் இல்லை என்று ராணுவத்துக்குப் போன பிள்ளைகளைப் போன்றவர்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் மடிந்தார். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. தமிழர் ஒருவர், தமிழ் மண்ணில், தமிழரோடு மோதி இறந்தார். 1990 மார்ச் வரை அந்தத் தீவில் நாம் இழந்த வீரர்கள் சுமார் 1,200 பேர்.

சரி, இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் யார்?

முதலில் கேட்டவர்கள் அங்கேயே குண்டுகளுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த தாய்மார், போர்நிறுத்தம் வேண்டும், புலிகளோடு பேச வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகளோடு உண்ணாநோன்பு தொடங்கினார்கள். முதலில் அமர்ந்த தாய் இடையிலேயே அகற்றப்பட்டார். அவருக்குப் பின் பூபதி கணபதிப்பிள்ளை என்ற தாய், 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் அமர்ந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று இறந்தார். காந்தியடிகளின் நாட்டுப் படையிடம் காந்தியடிகளின் வழியில் கேட்டார் என்று பலரும் அப்போது சொன்னார்கள். உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் உண்ணாநோன்பைத் திருச்சபை ஏற்பதில்லை. அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவருடைய முறையை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது.

அதே மட்டக்களப்பில் நம் குருவானவர் ஒருவரும் இருந்தார். அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, பங்குப் பணியோடு பிரஜைகள் குழுவின் தலைவர் பொறுப்பையும் சுமந்தவர். பிரஜைகள் குழு என்பது அந்நாளில் ஈழத்தின் ஒவ்வொரு நகரிலும் இருந்த ஒன்று. ஆசிரியர்கள், குருக்கள், வணிகர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் சேர்ந்து நடத்தியது. ராணுவம் பிடித்துப் போன பிள்ளை எங்கே என்று தாய்மார் வந்து நிற்பது அங்கேதான். பெயரை எழுதிக்கொண்டு முகாமுக்குப் போவார்கள், அதிகாரியிடம் கேட்பார்கள், பதில் வராவிட்டால் மறுநாளும் போவார்கள். மேடை இல்லை, முழக்கம் இல்லை. அருட்தந்தை சந்திரா 1988 ஜூன் 6 அன்று துப்பாக்கியுடன் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர்ப் பட்டியல் வைத்திருப்பது அவ்வளவு ஆபத்தான வேலை.

1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் புலிகள் தாக்கியதில் வீரர்கள் சிலர் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்கலாக 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அப்போதும் பிரஜைகள் குழுவினர்தான் இறந்தவர்களின் பெயர்களையும் எரிந்த வீடுகளையும் வரிசையாகப் பதிவு செய்து பத்திரிகையாளர்களிடம் சேர்த்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் டில்லியில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் போர் தொடங்கியதுமே எதிர்ப்பும் தொடங்கிவிட்டது. தி.மு.க.வும் திராவிடர் கழகமும் பழ. நெடுமாறன் போன்றோரும் படையைத் திரும்ப அழைக்கச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். மாநிலங்களவையில் அப்போது உறுப்பினராக இருந்த வை. கோபாலசாமி இதையே விடாமல் பேசினார்; பிற்பாடு நம் சிவகாசித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனாரே, அவர்தான். வடக்கே ஜார்ஜ் பெர்னாண்டஸ் போன்ற சிலரும் குரல் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதற்கு நாடாளுமன்றத்தில் முதலில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. அது அமைச்சரவை எடுக்கும் முடிவு. ஆகவே குடிமக்கள் கையில் இருப்பவை சில எளிய கருவிகள்தான்: அவையில் கேள்வி, பத்திரிகையில் செய்தி, தெருவில் ஊர்வலம், கடைசியில் வாக்குச்சீட்டு. 1989 ஜனவரியில் இங்கே ஆட்சி மாறியது. டிசம்பரில் டில்லியில் மாறியது. வி.பி. சிங் அரசு படையைத் திரும்ப அழைத்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்கள் திருகோணமலையில் கப்பலேறினார்கள்.

இத்தோடு முடித்துவிட்டால் கதை இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் படையை வெளியேறச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே மனத்தோடு சொல்லவில்லை. புலிகளும் அதைத்தான் கேட்டார்கள். தமிழர் பகுதி முழுவதும் தங்கள் ஒருவர் கைக்கே வரவேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள். தென்னிலங்கையில் ஜே.வி.பி.யும் அதைத்தான் கேட்டது. தமிழருக்கு எந்த அதிகாரமும் போகக் கூடாது என்பதற்காகக் கேட்டது. ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றது. அதிபர் பிரேமதாசாவும் அதைத்தான் கேட்டார். 1989 ஜூன் 1 அன்று, இரண்டே மாதத்தில் வெளியேறுங்கள் என்று கெடுவே விதித்தார். ஒரே கோரிக்கை. ஆனால் பூபதி அம்மாளின் நெஞ்சும் இவர்களின் நெஞ்சும் ஒன்றல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார். 'முறிந்த பனை' என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர் அவர். இந்தியப் படையின் கொடுமைகளையும் எழுதினார்கள், புலிகளின் கொடுமைகளையும் எழுதினார்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவருடைய குடும்பத்தாரும் தோழர்களும் சொல்வது.

இந்த இடத்தில் திருச்சபையின் போதனையைப் பார்ப்போம். அந்தத் தம்பியின் கேள்வி போலவே நம்மில் பலர், போருக்கான நியாயத்தை அரசு ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதோடு சரி என்று நினைக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2309-ஆம் எண்ணைப் பாருங்கள். ஆயுதம் எடுப்பதற்கு அங்கே கடுமையான நிபந்தனைகள் உள்ளன. எதிரி இழைக்கும் தீமை நிச்சயமானதாகவும் கொடியதாகவும் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் பயனற்றுப் போயிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும். போரால் வரும் தீமை, போக்க நினைத்த தீமையைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. இவற்றை எடைபோடும் பொறுப்பு ஆள்வோருக்குரியது என்றும் அதே இடத்தில் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் ஆள்வோரை அனுப்புகிறவர்கள் நாம். இந்த நிபந்தனைகள் போர் தொடங்கும் நாளுக்கு மட்டும் உரியவை என்று கொள்ள முடியுமா? ஜூலையில் நியாயமாகத் தெரிந்தது அக்டோபரில் நியாயமற்றதாகலாம். ஒவ்வொரு மாதமும் திரும்பத் திரும்ப எடைபோட வேண்டிய தராசு அது. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் அரசனை நினைவுகூருங்கள். 10 ஆயிரம் பேரோடு 20 ஆயிரம் பேரை எதிர்க்க முடியுமா என்று முதலில் உட்கார்ந்து யோசிக்கிறான். முடியாது என்றால் எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதனுப்பிச் சமாதானம் கேட்கிறான். அவனைக் கோழை என்று ஆண்டவர் சொல்லவில்லை.

சீருடை அணிந்தவருக்கும் மனச்சான்று உண்டு. அமைதிப் படையின் முதல் தளபதிகளில் ஒருவரான ஹர்கிரத் சிங், 2007-இல் வெளியான தம் நூலில் ஒன்றைச் சொல்கிறார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் தம்மிடம் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியோடு வருபவரைச் சுடுவது ராணுவ மரபல்ல என்று தாம் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அவரைத் தேசத் துரோகி என்று யாரும் சொல்ல முடியாது.

இதைவிடப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி விவிலியத்தில் இருக்கிறது. நாம் அதிகம் வாசிக்காத பகுதி: 2 குறிப்பேடு 28. வடக்கே இஸ்ரயேல் நாட்டுப் படை, தெற்கே யூதாவை வென்று, 2 லட்சம் பெண்களையும் பிள்ளைகளையும் சிறைப்பிடித்துக்கொண்டு சமாரியாவுக்குத் திரும்புகிறது. வெற்றி பெற்ற சொந்தப் படை. மேளதாளத்தோடு எதிர்கொண்டு போக வேண்டிய நேரம். ஓதேது என்ற இறைவாக்கினர் வழியிலேயே போய் நின்று, இவர்கள் உங்கள் சகோதரர்கள், திருப்பி அனுப்புங்கள் என்கிறார். எப்ராயிம் தலைவர்கள் நால்வர் எழுந்து, இந்தக் கைதிகளை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது, ஏற்கெனவே நம் பாவம் போதும் என்று சொந்தப் படையைத் தடுக்கிறார்கள். படையும் கேட்கிறது, அதுதான் வியப்பு. அதன்பின் அந்தத் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆடையில்லாதவர்களுக்கு ஆடை கொடுத்தார்கள், செருப்பு கொடுத்தார்கள், உண்ணவும் குடிக்கவும் கொடுத்துக் காயத்துக்கு எண்ணெய் பூசினார்கள், நடக்க முடியாதவர்களைக் கழுதைகளில் ஏற்றி எரிகோ வரை கொண்டுபோய் அவர்கள் உறவினரிடம் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். கோரிக்கை வைத்ததோடு வீட்டுக்குப் போய்விடவில்லை.

நாம் எரிகோ வரை போனோமா? இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. படை திரும்பிய மூன்றே மாதத்தில், 1990 ஜூனில், மீண்டும் போர். இந்தியப் படையின் துணையோடு சில இயக்கங்கள் கட்டாயமாகப் பிடித்து ஆயுதம் கொடுத்த பள்ளிப் பருவத்துப் பையன்கள் அநாதரவாக விடப்பட்டார்கள். புலிகள் அவர்களை வேட்டையாடினார்கள். ஜூன் 19 அன்று சென்னையிலேயே பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரும் புலிகளால் விரட்டப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அப்படியானால் படை அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. போயிருக்க வேண்டிய படைதான். ஆனால் 'வெளியேறு' என்பதை உரக்கச் சொன்ன நாம், 'அதன்பின் அந்த மக்களுக்கு யார் பொறுப்பு' என்பதை அதே குரலில் கேட்கவில்லை.

திரும்பி வந்த வீரர்களையும் நாம் சரியாக நடத்தவில்லை. சென்னைத் துறைமுகத்தில் அவர்களுக்கு நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பது அவருடைய காரணம். அதை நியாயம் என்றவர்களும் உண்டு, அநியாயம் என்றவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், படையை அனுப்பிய முடிவுக்குக் கறுப்புக்கொடி காட்டலாம்; முடிவெடுத்த இடம் டில்லி, துறைமுகத்தில் கால் வைத்த சிப்பாய் அல்ல. எங்கள் அன்பியத்து அந்த முன்னாள் வீரர் ஒருமுறை சொன்னார்: "ஊருக்கு வந்தா, எங்க போயிருந்தேன்னு யாருமே கேட்கல. கேட்டிருந்தா அழுதிருப்பேன்."

பட்ட அனுபவம் வீணாகவில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2003-இல் ஈராக்குக்கு இந்தியப் படைகளை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்தப் போரைத் தடுக்கத் தம் தூதர்களாகக் கர்தினால்களைப் பாக்தாத்துக்கும் வாஷிங்டனுக்கும் அனுப்பிப் பார்த்தார்; போர் நிற்கவில்லை. நம் மக்களவை ஏப்ரல் 8 அன்று அப்போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. படை அனுப்பலாமா என்று சில வாரங்கள் நாடெங்கும் விவாதம் நடந்தது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்புவதில்லை என்று ஜூலை 14 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. போகாத படையைத் திரும்ப அழைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. அமெரிக்காவிலோ, ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த சிண்டி ஷீஹான் என்ற தாய், 2005 ஆகஸ்டில் அதிபர் புஷ்ஷின் பண்ணை வீட்டருகே கூடாரமடித்து, என் மகன் எதற்காக இறந்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் தேசத் துரோகி என்று சொன்னார்கள்.

அந்தத் தம்பிக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பாதி சொல்வதற்குள் ஒன்பது மணியாகிவிட்டது. ஆனால் ஒன்று நடந்தது. இத்தனை காலம் பேசாத முகாம் தாய் அன்று பேசினார். "எங்கட வாசலில் நிண்ட பெடியன் ஒருத்தன் தமிழ்ப் பெடியன். தண்ணி கேட்டவன். குடுக்கப் பயம், குடுக்காமல் விடவும் பயம்" என்றார். "குடுத்தீங்களா?" என்று கேட்டார் முன்னாள் வீரர். கொடுத்ததாகச் சொன்னார்.

2021 முதல் அரசு ஆணைப்படி அகதிகள் முகாம் என்ற பெயர் மாறி, மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படுகிறது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, சிவகாசிப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் வாக்கு இல்லை. போரைப் பற்றி நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். எங்கேயாவது படை அனுப்பலாமா, திரும்ப அழைக்கலாமா என்று நாடு மீண்டும் ஒருநாள் யோசிக்கும்போது, குடிமக்கள் என்ற முறையில் கேட்க அவர்களால் முடியாது. அடுத்த அன்பியக் கூட்டத்தைக் கண்டியாபுரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தம்பிதான் சொன்னார். 2 குறிப்பேடு 28-ஐ அங்கே வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.